இடுப்பில் வரைந்த கோடு

அத்தியாயம் 14

போன வாரம் மாஸ்டர் வீட்டு மாடிப்படியில் அவர் மனைவியைக் கால் பிசகி உட்கார வைத்துவிட்டு வந்தேன். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். "அந்த அம்மா படுவது போதாதா, இது வேறயா?" என்று என்னைத் திட்டி வந்த கடிதங்கள் ஒரு கட்டு இருக்கிறது. திட்டுங்கள். இந்த வாரம் படித்துவிட்டு இன்னும் கொஞ்சம் திட்டுவீர்கள்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் என்பவர் சீருடை தைக்கும் கடையில் கட்டிங் மாஸ்டர். முப்பத்தாறு வருஷமாக அப்படியே கூப்பிட்டு, சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். மனைவி வீட்டிலிருந்தபடி காஜா எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுப்பவள். ஒரே மகள், கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குப் பவர் பார்க்கிறாள்.

மாஸ்டருக்கு மலக்குடலில் புற்று. அதுவும் ஆசனவாய்க்கு மிகப் பக்கத்தில். நேராகக் கத்தி வைத்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டியிருக்கும். அதனால் முதலில் இருபத்தெட்டு நாள் கதிர்வீச்சு, அந்த நாட்களில் காலையும் மாலையும் கீமோ மாத்திரை. இரண்டும் சேர்ந்து கட்டியைச் சுருக்கினால், ஆபரேஷனில் கெட்ட பாகத்தை வெட்டி நல்ல முனைகளை ஒட்டிவிடலாம். சுருங்காவிட்டால் பின்பக்க வழியை மூடி, வயிற்றில் ஒரு பையை ஆயுசு முழுக்க மாட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பை மட்டும் வேண்டாம் என்பதற்காக மாஸ்டர் எதையும் செய்வார். எதையும் என்றால் எதையும்.

இன்று திங்கட்கிழமை. இருபத்தோராவது நாள். அம்மாவின் கால் வீங்கிக் கிடப்பதால் மகள் லீவு போட்டுவிட்டு அப்பாவுடன் வந்திருந்தாள்.

திங்கட்கிழமை என்றால் முதலில் எடை பார்ப்பார்கள். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, மெஷின் மேல் ஏறி, போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றார்.

"அறுபத்தொண்ணு," என்றாள் நர்ஸ். "போன வாரமும் அறுபத்தொண்ணு. பரவாயில்லயே சார். மத்தவங்க எல்லாம் இந்த நேரத்துக்கு வாடி வதங்கிப் போயிடுவாங்க."

"வீட்டுச் சாப்பாடும்மா," என்றார் மாஸ்டர்.

மகளுக்கு மனம் குளிர்ந்தது. முதல் நாள் வந்தபோது அறுபத்துநாலு. மூன்று கிலோ குறைவது இந்த வைத்தியத்தில் பெரிய விஷயமில்லை என்று அவளுக்கும் சொல்லியிருந்தார்கள்.

அடுத்து தண்ணீர். மூன்று டம்ளர் குடித்துவிட்டு, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் கதிர் மற்ற இடங்களில் அதிகம் படாது. அந்த வராந்தாவில் ஏழெட்டுப் பேர் இதே வேலையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் சிரிப்பதில்லை, தும்முவதில்லை. யாராவது ஜோக் சொல்ல ஆரம்பித்தால் மொத்த பெஞ்சும் கையெடுத்துக் கும்பிடும்.

"தாடி எதுக்குப்பா? சாமியார் மாதிரி இருக்கு."

"கன்னம் எரியுது பாப்பா. பிளேடு வெக்க முடியல."

"கதிர் இடுப்புக்குத்தான குடுக்கறாங்க?"

மாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "பவர் பார்க்கிறவகிட்ட வாயைக் குடுக்கக் கூடாது," என்றார். அவள் சிரித்தாள். அந்தக் காலை நேரத்தில் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உடை மாற்றும் அறைக்குள் போய் ஆஸ்பத்திரி அங்கியில் வெளியே வந்தவர், "துணி உள்ள மாட்டியிருக்கு. நீ தொடாத, நானே வந்து எடுத்துக்கறேன்," என்றார். "சரிப்பா," என்று அவளும் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் மெஷின் அறைக்குள் போய் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த நோயாளிக்கு அறை வேண்டுமென்று, உதவிக்கு இருந்த பெண் சட்டையையும் பேன்ட்டையும் சுருட்டி எடுத்து வந்து மகள் மடியில் வைத்தாள்.

"என்னம்மா இது, பேன்ட்டா, பாறாங்கல்லா?"

உண்மைதான். மடியே அழுந்தியது. பையில் என்னதான் வைத்திருக்கிறார் என்று கையை விட்டாள். பைகள் இரண்டும் காலி. உள்பக்கத்தைத் திருப்பினாள். தொடைக்கு நேராக இரண்டு பக்கமும் துணி வைத்துத் தைத்த இரண்டு ரகசியப் பைகள். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புக் கட்டி. வெட்டும்போது துணி நகராமல் இருக்க கட்டிங் மேஜையில் வைப்பார்களே, அதே கட்டிதான். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ.

அவளுக்குக் கை நின்றுவிட்டது. தையற்காரர் மகளுக்கு ஒரு துணியை உள்பக்கம் திருப்பினால் சும்மா இருக்க முடியுமா? இடுப்புப் பட்டியின் பின்பக்கத் தையலைப் பார்த்தாள். ஒரு தையல் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஐந்து. கடையில் தைத்த பழைய தையல் ஒன்று. அதற்கு உள்ளே அரை விரல் விட்டு ஒன்று, இன்னும் உள்ளே ஒன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. சிகிச்சை ஆரம்பித்து முடிந்தது நாலு வாரம். உடம்பு இளைக்க இளைக்க, வாரத்துக்கு ஒரு பிடி உள்ளே பிடித்துத் தைத்திருக்கிறார். சட்டையின் இரண்டு பக்கங்களும் அப்படியே.

மிச்சத் துணியை அவர் வெட்டவில்லை. எல்லாம் உள்ளே மடங்கிக் கிடந்தது. மறுபடி உடம்பு வந்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வராந்தாவில் தண்ணீர் குடித்து உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால், பேன்ட்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சட்டை தொளதொளக்கவில்லை, பேன்ட் நழுவவில்லை, டிபன் டப்பா தினமும் காலியாகத் திரும்புகிறது. அம்மா அதை வைத்துத்தானே நம்பிக்கொண்டிருக்கிறாள்! மத்தியானம் கடையில் எல்லோரும் சாப்பிடும்போது இவர் மெஷினில் உட்கார்ந்து தன் துணியையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். டப்பாவை யார் காலி செய்தார்களோ.

கண்ணைத் துடைப்பதற்குள் மெஷின் அறைக் கதவு திறந்தது. அந்த அறையின் டெக்னீஷியன் பெண் வெளியே வந்தாள். பின்னாலேயே அங்கியோடு மாஸ்டர். எப்போதும் கால் மணி நேரம் ஆகும். இன்று அதற்குள் வந்துவிட்டார்கள்.

"நீங்க பொண்ணா? இவர் இடுப்புல கோட்டை யாரு போட்டது?"

முதல் நாள் ஸ்கேன் எடுத்தபோது அடிவயிற்றிலும் இரண்டு பக்க இடுப்பிலும் ஊதா மையால் மூன்று சிலுவைக் குறி போட்டு, மேலே கண்ணாடி டேப் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். தினமும் அந்தக் குறியில் வெளிச்சக் கோடு விழுகிற மாதிரி படுக்க வைத்துத்தான் கதிரை விடுவார்கள். அழிந்தால் உடனே சொல்லுங்கள், நீங்களாக எதுவும் செய்யாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"நேத்து வேர்வைல டேப் உரிஞ்சு வந்துடுச்சு," என்றார் மாஸ்டர். "அதான்…"

"நீங்களே போட்டீங்களா சார்?"

"அளவெடுத்துத்தாம்மா போட்டேன். குத்துமதிப்பா போடல. கோடு போடறதுதான் என் பொழப்பே."

"எப்ப எடுத்த அளவு?"

"மொத நாளே எடுத்து அளவு நோட்டுல எழுதி வெச்சேன். தொப்புள்ல இருந்து இவ்வளவு, இடுப்பெலும்புல இருந்து இவ்வ…"

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். போன வருஷ அளவுக்கே தைத்துக் கொடுங்கள் என்று வருகிறவர்களை விரட்டி அடிக்கிற மனிதர் அவர். உடம்பென்ன மரப்பொம்மையா, அப்படியே இருக்க, நில்லுங்க, புதுசா எடுக்கிறேன் என்று அளவு டேப்பை உருவுவார். தன் உடம்புக்கு மட்டும் அது தோன்றவில்லை. அவர் முகத்தில் ஓடியதை மகள் பார்த்தாள்.

"நின்னுக்கிட்டு வேற எடுத்திருப்பீங்க. இங்க படுக்க வெச்சுப் போட்ட குறி சார் அது," என்றாள் டெக்னீஷியன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பயப்படாதீங்க. தெனமும் படம் பிடிச்சுப் பார்க்காம மெஷினை ஓட விட மாட்டோம். இன்னிக்குக் கதிர் குடுக்கல. ஆனா குறி மட்டும் தள்ளி இருந்தா நானே சரி பண்ணியிருப்பேன். இன்னிக்கு எடுத்த படத்துல உங்க உடம்பே பழைய படத்தோட பொருந்தல. போன வெள்ளிக்கிழமையே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க."

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தேடிக்கொண்டே இருப்பவர். ஃபைலைப் புரட்டினார்.

"எடை அறுபத்தொண்ணு. நாலு வாரத்துல மூணு கிலோதான் கொறஞ்சிருக்கு. மூணு கிலோவுக்கு உடம்பு இவ்வளவு மாறாதே. சாப்பிடறீங்களா?"

"நல்லா சாப்பிடறேன் டாக்டர்."

"எத்தனை தடவை வெளிய போறீங்க?"

"ரெண்டு மூணு."

"உண்மையைச் சொல்லுங்க."

"ரெண்டு மூணுதான் டாக்டர். உங்க படம் பிடிக்கற மெஷினை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க."

மகள் அந்தத் துணி மூட்டையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் அப்போதுதான் அதைப் பார்த்தார்.

"பாப்பா," என்றார். அவ்வளவுதான். வேண்டாம் என்பதை அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார்.

சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியதை அம்மாவிடம் சொல்லாமல் அவளைக் காப்பாற்றியவர் அவர். மாதம் ஒரு தடவையாவது இருவருக்கும் நடுவில் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கும். சொன்னால் அவர் மன்னிக்க மாட்டார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். எடையைப் பார்த்துத்தான் கீமோ மாத்திரையின் அளவைப் போடுகிறார்கள்; இல்லாத நாலு கிலோவையும் சேர்த்து அல்லவா அது போய்க்கொண்டிருக்கிறது!

இரண்டு இரும்புக் கட்டிகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"எந்திரிங்க," என்றார். கூடவே வந்து எடை மெஷின் பக்கத்தில் நின்றார்.

ஐம்பத்தேழு.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகுது?"

"பத்து, பன்னெண்டு," என்றார் மாஸ்டர், தரையைப் பார்த்து. "சாப்பிட்டாத்தான டாக்டர் போகும்? அதான் சாப்பிடறதை நிறுத்திட்டேன். சொன்னா நீங்க வைத்தியத்தை நிறுத்திடுவீங்க. பக்கத்து பெஞ்சுக்காரருக்கு அப்படித்தான் ஒரு வாரம் நிறுத்தினாங்க. நிறுத்தினா கட்டி சுருங்காது. சுருங்கலேன்னா பை. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எல்லாம் தெரியும் சார். அதுதான் பிரச்சினை."

திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பரிசோதித்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். இன்றே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், கூட இருக்க வீட்டில் ஒருவர் வேண்டும் என்றார். மகள் அம்மாவுக்குப் போன் செய்தாள். இரும்புக் கட்டி, ஐந்து தையல், எடை எல்லாவற்றையும் சொன்னாள். "அவர் டப்பால போட்டதை எல்லாம் நான்தான பாத்துப் பாத்துப் போட்டேன்," என்றாள் அம்மா. "வரேன்."

ஒரு மணி நேரத்தில் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள். அவசரத்தில், பட்டன் தைத்துக்கொண்டிருந்த ஊசியைத் தோள் துணியில் குத்தியபடியே வந்திருந்தாள். நேராகக் கணவனிடம் போனாள். அவர் தாடிக்குள் கையை விட்டு, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே எலும்புதான் இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் டாக்டரிடம் பேசிவிட்டு டாக்டர் திரும்பி வந்தார். மூன்று பேரையும் உட்கார வைத்தார்.

"நல்லதை மொதல்ல சொல்றேன். கட்டி நல்லா சுருங்கியிருக்கு. நாங்க நெனச்சதைவிட."

மாஸ்டர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நாலு வாரமாகப் பட்டதெல்லாம் வீண் போகவில்லை என்று நெஞ்சை நிமிர்த்தினார். மகள் பக்கம் திரும்பி, பாத்தியா, என்று கண்ணால் கேட்டார்.

"ஆனா, நீங்களும் சுருங்கிட்டீங்க," என்றார் டாக்டர். "வெட்டின ரெண்டு முனையையும் ஒட்டினா, அது ஒட்டி வளரணும். அதுக்கு உடம்புல சத்து வேணும். இந்த உடம்புல அது ஒட்டாது. பிரிஞ்சு உள்ள கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. மாத்திரையை இன்னிலேருந்து நிறுத்தறேன். வயித்துப்போக்கு நிக்கணும், சாப்பாடு உள்ள போகணும். மூணு நாலு நாள் கழிச்சுப் புதுசா ஸ்கேன் எடுத்து, மீதி எட்டு நாள் கதிரைக் குடுத்துடலாம். அப்புறம் ஆபரேஷனுக்கு ரெண்டு மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள எடை ஏறினா ஒட்டறதைப் பத்திப் பேசலாம். அப்பவும் பயம் இருக்கத்தான் செய்யும். பை வெச்சா அந்தப் பயம் இல்ல. வீட்ல பேசி வைங்க. வியாழக்கிழமை ஆபரேஷன் டாக்டர் வந்து கேட்பார்."

"ஏத்திடறேன் டாக்டர்," என்றார் மாஸ்டர். "மூணு மாசம் எதேஷ்டம். ஒட்டிடுங்க."

"இதுல பேச என்ன இருக்கு?" என்று ஒரு குரல் கேட்டது.

மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அம்மாதான். நாலு வாரமாக இந்த அறைக்கு வந்து போகிறாள், ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. டாக்டர் கேட்டால்கூட, அவரையே கேளுங்க, என்பாள்.

"பையே வெச்சிடுங்க டாக்டர். எடை ஏறினாலும் சரி, ஏறாட்டியும் சரி. ஒட்டறது கிட்டறது ஒண்ணும் வேண்டாம்."

"ஏய்," என்றார் மாஸ்டர்.

"நான் மாத்தி விடறேன், நான் கழுவி விடறேன். எனக்கு ஆள் வேணும் டாக்டர்."

"உனக்கு என்ன தெரியும்? ஒருத்தன் இடுப்பை அளக்க நான் அவன் பக்கத்துல போய்க் குனியணும். குனிஞ்சா அவன் மூக்கைப் பொத்துவான். பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டாந்தடவை வருவான், மூணாந்தடவை வேற கடை பார்ப்பான். அதைப் பார்த்துக்கிட்டு நான் நிக்கணுமா?"

"அப்படி வாடை எல்லாம் வராது சார், இப்ப இருக்கற பைல…" என்று டாக்டர் குறுக்கிட்டார். அவர்கள் இருவரும் அதைக் கேட்கவில்லை.

"அளக்க வேண்டாம்," என்றாள் மனைவி. "கடைக்கே போக வேண்டாம். வீட்ல இருங்க. நான் தைச்சுப் போடறேன்."

எதைச் சொல்லக் கூடாதோ அதைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே தெரிந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மாஸ்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மகளைப் பார்த்து உட்கார்ந்தார். மனைவி இருந்தது இரண்டு முழம் தள்ளி.

"பாப்பா, உங்க அம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லு. இனிமே அவ இங்க வர வேண்டாம்."

முப்பத்துநாலு வருஷத்தில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். தட்டு பறந்திருக்கிறது. ஒரு நாளும் நடுவில் ஓர் ஆளை வைத்துப் பேசியதில்லை. டாக்டர் ஃபைலை மூடினார்.

அம்மா எழுந்து நின்றாள். அவளும் மகளைத்தான் பார்த்தாள்.

"பாப்பா, உங்க அப்பாகிட்ட நீயும் சொல்லிடு. அவர் என்கிட்ட பேச வேண்டாம். மூஞ்சியைக்கூடப் பார்க்க வேண்டாம். என்னைத் திட்டிக்கிட்டே இன்னும் இருபது வருஷம் உயிரோட இருக்கச் சொல்லு. எனக்கு அது போதும்."

மாஸ்டரின் தாடை அசைந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று மகள் நினைத்தாள். அதற்குள் நர்ஸ் உள்ளே வந்து, அட்மிஷன் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள்.

அவர் தாளைப் பார்த்தார். பேனாவை எடுத்தார், திரும்ப மேஜைமேல் வைத்தார். எழுந்து, யாரையும் பார்க்காமல், ஆஸ்பத்திரி அங்கியோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார்.

"போ, அவர் பின்னால போ," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அப்படியே நாற்காலியில் சரிந்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. மகள் கதவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றாள்.